தலைப்பிள்ளைகள் பார்த்த புதையல் படம்

கனகமணிக்குப் பிள்ளை இல்லை. ஆனால் திருகோணமலை நகரத்தில் அவள் இடுப்பில் ஏறி இறங்காத பிள்ளை அந்த நாளில் குறைவு. அலியார் முதலாளியின் தியேட்டரில் பெண்கள் வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பது அவள் வேலை. டிக்கெட்டைக் கிழித்த கையாலேயே தாயின் இடுப்பிலிருக்கும் பிள்ளையையும் வாங்கிவிடுவாள். வெளி விறாந்தைத் தூண்களுக்கு நடுவே பழைய சேலைகளில் ஏணை கட்டியிருக்கும். அழுகிற பிள்ளைக்கு ஏணை, அழாத பிள்ளைக்குப் பாய், சளி பிடித்த பிள்ளை மற்றவற்றிலிருந்து தள்ளி அவளுடைய மடியில். தாய்மார் உள்ளே போய் ஆறுதலாக இருந்து அழுவார்கள். அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்கள் அழுவதற்கென்றே எடுக்கப்பட்டவை.

அவள் பிறந்தது தம்பலகாமத்தில், வயல்காரக் குடும்பத்துக்குத் தலைப்பிள்ளையாக. கல்யாணம் முடித்து நகரத்துக்கு வந்தாள். கணவன் கடற்படை டொக்யாட்டில் வேலை செய்தவன், நெருப்புக்காய்ச்சலில் போய்விட்டான். எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாளே தம்பி சின்னப்போடி வண்டில் பூட்டிக்கொண்டு வந்து, "அக்கா, பெட்டியைக் கட்டு" என்றான். அவள் கட்டவில்லை. தம்பி நல்லவன். தம்பியின் பெண்சாதியும் கெட்டவள் அல்ல. ஆனால் அந்த வீட்டுக் குசினியில் விதவை அக்காவின் இடம் எது என்று கனகமணிக்குத் தெரியும். எல்லோருக்கும் முன் எழும்ப வேண்டும், எல்லோருக்கும் பின் சாப்பிட வேண்டும். போ என்றும் சொல்லமாட்டார்கள், இரு என்றும் சொல்லமாட்டார்கள்.

அவள் ஓர்ஸ் ஹில்லில் ஒரு வெள்ளைக்காரக் கடற்படைத் துரையின் பங்களாவில் ஆயாவாகச் சேர்ந்தாள். அங்கே அவள் கற்றவை பல. பால் போத்தலை அவிக்கிற விதம், காய்ச்சல் பிள்ளைக்குத் துணி நனைத்துப் போடுகிற விதம், பிள்ளையை அதட்டும் இங்கிலீசு. இவற்றோடு இன்னொன்றையும் கற்றாள். அந்தத் துரையும் துரைசானியும் சிரிக்காமல் பகிடி விடுகிறவர்கள். மழைக்குக் கூரை ஒழுகிச் சாப்பாட்டு மேசையெல்லாம் தண்ணீர் நின்றால் துரை எழும்பி, நெஞ்சை நிமிர்த்தி, கப்பலின் மேல்தட்டில் நிற்பவரைப் போலச் சலாம் போடுவார். முகம் கல்லைப் போல இருக்கும். துரைசானியும் அதே கல்முகத்தோடு திரும்பச் சலாம் போடுவாள். முதல் மாதம் கனகமணி இருவருக்கும் மூளை பிசகிவிட்டது என்றே நினைத்தாள். பிறகுதான் கண்டுபிடித்தாள்: வாயைப் பார்க்கக் கூடாது, புருவத்தைப் பார்க்க வேண்டும். ஒரு புருவம் நூலளவு மேலே போனால் அது பகிடி.

சுதந்திரம் வந்து சில வருஷங்களுக்குப் பிறகு வெள்ளைக்காரர் தளத்தை விட்டுக் கப்பலேறினார்கள். சின்னப்போடி இரண்டாம் தரமும் வண்டிலோடு வந்தான். கனகமணி அதற்கு முன்பே அலியார் முதலாளியிடம் போய் நின்று வேலை கேட்டுவிட்டாள். "பொம்புளயள் பக்கத்துக்கு ஒரு பொம்புள வேணும்தான்" என்று அவர் தலையாட்டினார். தம்பி வெறும் வண்டிலோடு திரும்பினான்.

சில வருஷம் நன்றாக ஓடியது. பிறகு பெரிய தெருவில் புதிய தியேட்டர் ஒன்று வந்தது. புதுத் தமிழ்ப் படங்கள் அங்கே போயின. அலியாருக்குக் கொழும்பிலிருந்து வந்தவை, கடற்படைக்காரருக்கென்று முன்பு வந்துகொண்டிருந்த வகை இங்கிலீசுப் படங்கள். ஆண்கள் சண்டைக்காக வந்தார்கள். பெண்கள் வரவில்லை. ஆண்களையும் பெண்களையும் பிரித்து நடுவே நின்ற பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம், பெண்கள் இருக்கும் வாங்குகள் காலியாகக் கிடந்தன. விறாந்தையில் ஏணைகள் காற்றுக்கு ஆடின.

ஒரு நாள் அலியார் அவளைக் கூப்பிட்டார்.

"கனகமணி, நீயும் பாக்கிறாய்தானே புள்ள. அங்கால ஆம்புளயள் நிண்டு பாக்கிறானுகள், இங்கால வாங்கு சும்மா கிடக்கு. இந்த வெள்ளிக்கிழமைப் படத்துக்கும் பொம்புளயள் வராட்டி, திங்கக்கிழமை மரவேல ஓடாவி வந்து பலகையக் கழட்டுவான். மறுகா எனக்குப் பொம்புளப் பக்கமும் இல்ல, பொம்புள வாசலும் இல்ல. உனக்கு நான் என்ன வேல தாற?"

"வெள்ளிக்கிழமைப் படம் என்ன முதலாளி?"

"புதையல் படமாம்."

கனகமணி அன்றே தம்பலகாமத்துக்குப் போகிற ஒருவரிடம் தம்பிக்குச் சொல்லிவிட்டாள்: ஞாயிற்றுக்கிழமை வண்டிலோடு வா, தேவைப்பட்டாலும் படும். முன்யோசனை இல்லாமல் அவள் எதையும் செய்ததில்லை.

படத்தை ஊருக்கு அறிவிப்பது தாஹிர். பழைய மொறிஸ் மைனர் காரின் கூரையில் ஒலிபெருக்கி கட்டி, வியாழக்கிழமை முழுவதும் தெருத்தெருவாகப் போனான். குரல் வளமான இளந்தாரி. படத்தை அவன் பார்க்கவில்லை. பார்த்துவிட்டு அறிவிக்கிற வழக்கமும் அவனுக்கு இல்லை. கொழும்பிலிருந்து வந்த ஒரு படத்துண்டில் பெரிய மரப்பெட்டியும், பக்கத்தில் ஒரு சின்னப் பையனும் இருந்தார்கள். அது போதும். பெட்டி என்றால் புதையல். புதையல் என்றால் பூதம். பூதம் என்றால் பலி. பிள்ளையும் பக்கத்தில் நிற்கிறதே.

"பார்க்கத் தவறாதீர்கள்! பொன்னும் மணியும் குவிந்த மர்மத் தீவு! தலைப்பிள்ளையைப் பலி கேட்கும் பயங்கரப் பூதம்! இருதயம் பலவீனமானவர்கள் வரவேண்டாம்!"

வெள்ளிக்கிழமை ஆண்கள் பக்கம் நிரம்பி வழிந்தது. கோட்டையடியிலும் குளத்துக் கட்டிலும் புதையல் கிண்டிப் பார்த்தவர்கள், கிண்ட நினைத்தவர்கள், கிண்டினவனைத் தெரிந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் ஒரே ஒருத்தி. முதலாளியின் மூத்த சகோதரி றஹ்மா லாத்தா. அவர் எந்தப் படத்துக்கும் வருவார், டிக்கெட் எடுக்கமாட்டார், வெளிச்சம் அணைந்ததும் நித்திரையாகிவிடுவார்.

கனகமணி வாசல் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். ஒல்லியான மீசைக்கார மனிதன், அவன் பெண்சாதி, அவர்களுடைய மகன், தடித்த கப்பல் தலைவன் ஒருவன். எல்லோரும் ஒரு தீவுக்குப் போகிறார்கள். புதையலுக்கு வழி காட்டும் படம் மீசைக்காரன் மூக்குத் துடைக்கும் கைலேஞ்சியில் வரைந்திருக்கிறது. இரண்டாம் நாளே பெண்சாதி அந்தக் கைலேஞ்சியைத் தோய்த்துக் காயப்போட்டுவிடுகிறாள். வில்லன் ஒற்றைக்கண்ணன். அவனுடைய கறுப்புத் துணி ஒரு காட்சியில் இடக்கண்ணில், அடுத்ததில் வலக்கண்ணில். மீசைக்காரன் வாளை உருவினால் பிடிமட்டும் கையோடு வரும். எல்லோருடைய முகமும் கல். கனகமணி புருவங்களைப் பார்த்தாள். உடனே பிடிபட்டுவிட்டது. திரைச்சீலையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

தடுப்புக்கு அப்பால் யாரும் சிரிக்கவில்லை.

"டேய், கண் மாறிப்போச்சு! படமெடுத்தவனுக்குத்தான் கண் தெரியேல்லை!"

"பூதம் எங்கையடா? பூதத்தை விடு!"

கடைசியில் பெட்டி அகப்படுகிறது. பூட்டைத் திறக்கத் திறப்பு இல்லை. வெடிமருந்து வைத்து உடைக்கிறார்கள். உள்ளே இன்னொரு பெட்டி. அதற்குள் இன்னொன்று. ஆகக் கடைசிச் சின்னப் பெட்டிக்குள் பட்டுத் துணியில் சுற்றி வைத்திருப்பது, முதல் பெட்டியின் திறப்பு. அதோடு படம் முடிந்தது.

ஆண்கள் பக்கத்தில் வாங்குகள் கவிழ்ந்தன. ஒருவன் திரையை நோக்கிச் செருப்பை எறிந்தான். "பூதமும் இல்லை, பொன்னும் இல்லை, திறப்பைக் காட்டி ஏய்க்கிறியளோ?" என்று டிக்கெட் கூண்டைச் சுற்றிக்கொண்டார்கள். இரவுக் காட்சிக்கு ஆண்கள் பக்கமும் பாதியானது. "எடுத்தவனும் பேயன், கொண்டந்தவனும் பேயன்" என்று தேத்தண்ணிக் கடைகளில் கதை முடிந்தது. டொக்யாட் ஆட்கள் சிலர் மட்டும் வாள் கழன்ற இடத்தைத் தங்களுக்குள் நடித்துக் காட்டிச் சிரித்ததாகக் கேள்வி.

சனிக்கிழமை காலை கனகமணி மீன் வாங்கச் சந்தைக்குப் போனாள். மீன் விற்கும் இலட்சுமிக்கு நான்கு பிள்ளைகள். நான்கும் கனகமணியின் ஏணையில் கிடந்தவை. மூத்தவன் கூடைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். கனகமணியைக் கண்டதும் இலட்சுமி அவனை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். அவன் கையில் புதுக் கறுப்பு நூல்.

"ஏனடி இலட்சுமி, மூத்தவனுக்குச் சுகமில்லையே?"

"மூத்தவனைப் பற்றி நீங்கள் என்னத்துக்குக் கேக்கிறியள்? எட்டி நில்லுங்கோ கனகக்கா."

"உனக்கு என்ன பிடிச்சது?"

"உங்கடை தியேட்டருக்குத் தலைப்பிள்ளை வேணுமாமே. தாஹிர் காரிலை சொல்லிக்கொண்டு போனவர். ரெண்டு காதாலையும் கேட்டனான்."

"அது படத்திலையடி."

"படத்திலை பலி குடுத்தால் என்ன, பக்கத்திலை குடுத்தால் என்ன? இங்கை ஒருத்தியும் மூத்த பிள்ளையை நேற்றுப் பள்ளிக்கூடம் விடயில்லை. அங்கால ஜமாலியாவிலையும் ஓதி ஊதி வீட்டுக்குள்ள வைச்சிருக்கினமாம்."

"எடி விசரி, அந்தப் படத்திலை பூதமே இல்லை."

இலட்சுமி கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "பூதம் இல்லாத புதையல் எங்கையக்கா இருக்கு?"

பக்கத்துக் கூடைக்காரிகளும் தலையாட்டினார்கள். நியாயமான கேள்வி என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

கனகமணி மீனை வாங்காமல் திரும்பி நடந்தாள். கோபத்தில் அவள் நடை வேகமாகும். வேகமாக நடந்தால் அவளுக்கு யோசனையும் வரும். பூதத்தை எதிர்பார்த்த ஆண்கள் பூதம் இல்லாததால் கொதிக்கிறார்கள். பூதம் இல்லாத படத்துக்குப் பூதத்துக்குப் பயந்து பெண்கள் வரவில்லை. இரண்டும் ஒரே வாயால் வந்த வினை. தியேட்டருக்கு வந்து சேர்ந்தபோது அவளிடம் ஒரு முடிவு இருந்தது.

அலியார் கதிரையில் கையை நெற்றிக்குக் கொடுத்துக்கொண்டு இருந்தார். தாஹிர் தூணில் சாய்ந்து நின்றான்.

"முதலாளி, நாளைக்குப் பின்னேரக் காட்சிக்குத் தலைப்பிள்ளையளுக்கு டிக்கெட் வேண்டாம். சும்மா விடுங்கோ."

"என்னா? நான் என்னத்தத் தின்னுற?"

"தலைப்பிள்ளை தனிய நடந்து வருமே? தாய் கூட்டிக்கொண்டு வரும். தாய் வந்தால் சின்னம்மா வரும், மாமி வரும். மூத்தது போனால் மற்றதுகள் வீட்டிலை நிக்குமே? குளறி அடிச்சுக்கொண்டு வரும். எல்லாத்துக்கும் டிக்கெட் எடுக்கத்தானே வேணும்."

"பலி குடுக்கத்தான் ஓசியில கூப்புடுறாங்க எண்டு இன்னும் பயப்படுவாளுகள்!"

"அதை நான் சொல்லுற விதத்திலை சொல்லுவன். காரை ஒருக்காத் தாங்கோ."

தாஹிர் சாய்ந்திருந்த தூணைவிட்டு நிமிர்ந்தான். "கனகக்கா, பொம்புள கதச்சா மைக்குக்கு ஒத்துக்காது. பாட்டரி இறங்கிப் போகும்."

"நீ கதைச்சதிலை தியேட்டரே இறங்கிப் போச்சு, தம்பி. பாட்டரி போனால் போகட்டும்."

உள்ளேயிருந்து றஹ்மா லாத்தா தலையை நீட்டினார். "அலியார், அவள் கேக்கிறதக் குடு. நேத்து முழுக்க நான் தனிய நித்திர கொண்ட. பேச்சுத் துணைக்கு ஒரு மனிசி இல்ல."

மூத்தவளின் சொல்லை அலியார் தட்டியதில்லை.

அன்று பின்னேரம் திருகோணமலை ஒரு புதுமையைக் கேட்டது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், படிப்புத் தமிழே கலக்காமல், வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டாரோடு கதைப்பதைப் போல வந்தது. தாஹிர் காரை மெதுவாக ஓட்டினான். முகத்தை யாரும் பார்க்காதபடி தொப்பியைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டிருந்தான்.

"அக்காமாரே, தங்கச்சிமாரே, உம்மாமாரே! நான் கனகமணி கதைக்கிறன். உங்கடை பிள்ளையளை ஏணையிலை ஆட்டினவள். தாஹிர் சொன்னதை விடுங்கோ, அவர் படத்தைப் பாக்கயில்லை, நான் பாத்தனான். பூதம் இல்லை. பலியும் இல்லை. ஒரு மனிசன் புதையல் எடுக்கப் போறார், பெண்சாதி அவரின்ரை வழிப்படத்தைத் தோய்ச்சுக் காயப்போடுறா. அவ்வளவுதான் கதை. நானும் எங்கடை வீட்டிலை தலைப்பிள்ளைதான். உள்ள போய் முழுப்படமும் பாத்திட்டு முழுசாய் வெளிய வந்தனான். என்னை ஒண்டும் தின்னயில்லை. நாளைக்குப் பின்னேரம் தலைப்பிள்ளையளுக்கு டிக்கெட் வேண்டாம். நம்பிக்கை இல்லாதவை வந்து என்னைத் தொட்டுப் பாருங்கோ!"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னப்போடி வண்டிலோடு வந்துவிட்டான். தியேட்டருக்குப் பக்கத்தில் இருந்த கனகமணியின் அறையில் கட்டி வைத்திருந்த பெட்டியைத் தூக்கி வண்டிலில் ஏற்றினான். வண்டிலைத் தியேட்டருக்கு முன்னால் வேப்பமரத்தடியில் நிறுத்தி, மாடுகளுக்கு வைக்கோல் போட்டான்.

"என்ன அக்கா, போவமே?"

"பெட்டி இருக்கட்டும். காட்சி முடியட்டும்" என்றாள். அவள் கண் தெருவில் இருந்தது.

தெரு வெறுமையாக இருந்தது. ஏணைகளைத் தோய்த்துக் கட்டியிருந்தாள். அவை வெயிலில் வெள்ளையாகத் தொங்கின. அலியார் ஒருமுறை வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

முதலில் வந்தது இலட்சுமி. நான்கு பிள்ளைகளும் பின்னால் வரிசையாக. வந்தவள் கனகமணியின் கையைப் பிடித்துக் கிள்ளிப் பார்த்தாள்.

"ஆ! ஏனடி கிள்ளுறாய்?"

"முழுசாய்த்தான் இருக்கிறியள்" என்றாள் இலட்சுமி. மூத்தவனை முன்னுக்குத் தள்ளினாள். "இவனுக்கு டிக்கெட் இல்லைத்தானே?"

அவளுக்குப் பின்னால் தெருமுனையில் தலைகள் தெரிந்தன. இலட்சுமியை முன்னே விட்டுப் பார்த்துக்கொண்டு மற்றவர்கள் நின்றிருக்கிறார்கள். அவளை எதுவும் பிடித்துத் தின்னவில்லை என்று கண்டதும் மடை திறந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்தவர்கள், கையில் பிடித்தவர்கள், முக்காடு போட்டவர்கள், கடலை வறுத்துக் கட்டிக்கொண்டு வந்தவர்கள். ஜமாலியாவிலிருந்து ஒரு கூட்டம் நடந்தே வந்தது. கிண்ணியாப் பக்கத்திலிருந்து உறவு வீட்டுக்கு வந்திருந்தவர்களும் அதற்குள் இருந்தார்கள்.

வாசலில் பெரிய வழக்கு.

"இது மூத்தது, இதுவும் மூத்தது."

"எப்பிடியடி ரெண்டு மூத்தது?"

"இது பொடியனிலை மூத்தது, இது பெட்டையிலை மூத்தது."

"நடவுங்கோ உள்ள. அடுத்தது?"

"எங்கட புள்ள நாலாவது. ஆனா முதல் மூண்டும் கச்சேரியில பிறப்புப் பதியல்ல..."

"டிக்கெட்டை எடு!"

றஹ்மா லாத்தா உள்ளேயிருந்து வெளியே வந்து, வரிசையில் நின்று, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "எங்க வாப்பாக்கு நான்தான் தலப்புள்ள. எனக்கும் டிக்கெட் வேணாம்தானே?" எந்த நாளில் அவர் டிக்கெட் எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவரைப் பார்த்துவிட்டு நரைத்த தலைகள் பலவும் தாங்களும் தலைப்பிள்ளை என்று நிமிர்ந்தன. கனகமணி அவர்களையும் விட்டாள். சொன்ன சொல் சொன்னதுதான்.

வாங்குகள் நிறைந்தன. நிலத்தில் பாய் விரித்தாள். அதுவும் நிறைந்தது. விறாந்தை ஏணைகளை ஆட்ட இரண்டு கிழவிகளைப் பிடித்து இருத்திவிட்டு, அடங்காமல் குளறிய ஒரு கைக்குழந்தையைத் தானே இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றாள்.

படம் தொடங்கியது. கொஞ்ச நேரம் எல்லோரும் பார்த்தார்கள். மீசைக்காரனும் பெண்சாதியும் எதிரெதிரே நின்று இங்கிலீசில் நீளமாகக் கதைத்தார்கள். ஒரு முகமும் அசையவில்லை. பிள்ளைகள் நெளியத் தொடங்கின. ஒருத்தி கொட்டாவி விட்டாள். கனகமணி திரையை விட்டு அவர்களைப் பார்த்தாள். ஆண்கள் பக்கத்தில் நடந்ததுதான் இங்கும் நடக்கப்போகிறது. கல்முகத்தைப் பார்த்துக் கல்லாகவே இருந்துவிட்டு எழும்பிப் போகப்போகிறார்கள்.

இலட்சுமியின் குரல் இருட்டில் கேட்டது. "கனகக்கா, இவள் என்னத்துக்கு இப்பிடி நிக்கிறாள்? என்ன சொல்லுறாள்?"

கனகமணிக்கு அந்த இங்கிலீசில் பாதிகூட விளங்கவில்லை. ஆனால் அந்தப் புருவத்தை அவளுக்குத் தெரியும். ஓர்ஸ் ஹில்லில் வருஷக்கணக்காகப் பார்த்த புருவம்.

"வாயைப் பாக்காதேங்கோ, புருவத்தைப் பாருங்கோ!" என்று நடுவழியில் நின்று சத்தமாகச் சொன்னாள். "ஊத்தைத் துணியைக் கண்டால் நான் தோய்ப்பன் எண்டு சொல்லுறாள். புதையல் வேணுமெண்டால் அதை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டியிருக்க வேணும், மூக்குச் சீறுற லேஞ்சியிலையே கீறி வைக்கிறது எண்டு கேக்கிறாள்."

பெண்கள் பக்கம் முழுவதும் வெடித்தது. அந்த இருட்டில் இருந்தவர்களில் கணவனின் சட்டைப்பையிலிருந்ததைத் தெரியாமல் தோய்த்து ஏச்சு வாங்காதவள் ஒருத்தியும் இல்லை.

"அவன் என்னவாம்?"

"அவன் என்ன சொல்லுறது? துணி நல்ல வெள்ளையாய் வந்திருக்கு எண்டு சொல்லுறான். பாருங்கோ புருவத்தை!"

அதற்குப் பிறகு யாரும் வாயைப் பார்க்கவில்லை. ஒற்றைக்கண்ணனின் துணி கண் மாறியபோது பிள்ளைகள் "மாறிப்போச்சு, மாறிப்போச்சு!" என்று கைதட்டின. "களைச்ச கண்ணுக்கு ஆறுதல் குடுக்கிறான்" என்றாள் கனகமணி. வாள் கழன்றபோது, "இதுக்குத்தான் சந்தையிலை மலிவாய் வாங்கக்கூடாது எண்டு பெண்சாதி சொன்னவள்" என்றாள். இடுப்பிலிருந்த குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. றஹ்மா லாத்தா நித்திரை கொள்ளவில்லை.

தடுப்புக்கு அப்பால் கொஞ்சம் பேர் இருந்தார்கள். அங்கிருந்து ஒரு குரல் வந்தது: "அக்கா! இஞ்சாலையும் கேக்கச் சத்தமாய்ச் சொல்லுங்கோ!"

குஞ்சித்தம்பி மாஸ்டர் எழும்பி நின்றார். அவர் இங்கிலீசு படிப்பிக்கிறவர். இந்தப் படத்தை நகரத்தில் முறையாக ரசித்தவர் தான் ஒருவரே என்று முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டு திரிந்தவர்.

"கனகமணி! அந்த மனிதர் அப்படிச் சொல்லவில்லை! அவர் சொன்னது வேறு!"

"இருக்கட்டும் மாஸ்டர். அவரின்ரை வாய் அசைஞ்ச அளவுக்குச் சரியாய்ச் சொன்னனான்."

"இருங்கோ மாஸ்டர், மறைக்காதேங்கோ!" என்றன பல குரல்கள் இரண்டு பக்கத்திலிருந்தும். மாஸ்டர் இருந்தார். அதற்குப் பிறகு அவர் சிரித்ததையும் பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள்.

இடம் போதாத பிள்ளைகள் பலகைத் தடுப்பில் ஏறி ஆண்கள் பக்கத்து வாங்குகளில் குதித்தன. பிள்ளைகளைப் பிடிக்கத் தாய்மார் சுற்றி வந்தார்கள். வந்தவர்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள். ஆண்கள் ஒவ்வொரு வாங்காகப் பின்வாங்கிச் சுவரோரம் சேர்ந்தார்கள்.

கடைசிப் பெட்டி வந்தது. உடைத்தார்கள். அடுத்தது, அதற்கடுத்தது. தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பட்டுத் துணி விரிந்து திறப்பு தெரிந்தபோது கனகமணி சொல்லத் தேவை இருக்கவில்லை. திரையில் பெண்சாதி திறப்பைக் கையிலெடுத்துப் பார்த்தாள், உடைந்து சிதறிக் கிடந்த பெட்டியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். ஒரு புருவம் மெதுவாக மேலே போனது.

"கேட்டிட்டு உடைச்சிருக்கலாமே!" என்று இலட்சுமி திரையைப் பார்த்துக் கத்தினாள்.

கூரைத் தகரம் அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து ஒருத்திக்கு விக்கல் எடுத்தது. கனகமணி முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

வெளியே வந்தவர்கள் கலைந்து போகாமல் தெருவிலேயே நின்று கதைத்தார்கள். இரவுக் காட்சியிலும் கனகமணி சொல்லுவாளா என்று கேட்டார்கள். தாஹிர் ஒலிபெருக்கியின் வயரைச் சுற்றிக்கொண்டு அவளிடம் வந்து, "கனகக்கா, நாளைக்கு எத்தன மணிக்குக் கார் எடுக்க?" என்று கேட்டான். அலியார் டிக்கெட் கூண்டுக்குள் இருந்து தலையை நீட்டிப் பார்த்தார். அவர் முகம் கல்லாகத்தான் இருந்தது. கனகமணி அவருடைய புருவத்தைப் பார்த்தாள். போதும்.

வேப்பமரத்தடியில் வண்டில் நின்றது, தம்பியைக் காணவில்லை. ஆண்கள் வாசலால் அவன் வெளியே வந்தான், கடைசி ஆளாக, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நீயும் பார்த்தனியே?"

"சத்தம் கேட்டுது, போனனான்" என்றான் சின்னப்போடி. பிறகு முகத்தைச் சுளித்தான். "படம் சரியில்லை அக்கா. இவ்வளவு தூரம் போய்ப் பொன் ஒரு பொட்டும் இல்லை. உந்த மீசைக்காரனும் ஒரு ஆம்பிளையே? வாள் பிடிக்கத் தெரியேல்லை."

"பிறகு ஏன் கண்ணைத் துடைக்கிறாய்?"

"அது உன்ரை கதைக்கு." அவன் வண்டிலில் ஏறிப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். "மற்றப் பக்கத்தைப் பிடி. இறக்குவம்."

இருவருமாகப் பெட்டியை இறக்கி அறைக்குள் வைத்தார்கள். அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். தம்பி குடித்துவிட்டு மூன்றாம் தரமும் வெறும் வண்டிலோடு திரும்பினான்.

அந்தப் படம் அலியார் தியேட்டரில் வாரக்கணக்காக ஓடியது. பிடிக்காதவர்களுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. தேத்தண்ணிக் கடைகளில் அதைத் திட்டுகிறவர்களும் அதற்காகச் சண்டை பிடிக்கிறவர்களும் இருந்தார்கள். திட்டுகிறவர்களில் பலர் இரண்டாம் தரமும் போய்ப் பார்த்துவிட்டுத் திட்டினார்கள். தாஹிர் அதன் பிறகு படத்தைப் பார்க்காமல் காரில் ஏறியதில்லை. இங்கிலீசுப் படம் வந்தால் கனகமணி நடுவழியில் நிற்பாள் என்பது ஊருக்குப் பழகிவிட்டது. எழுபதுகள் முடியும்வரை அவள் நின்றாள். தலைப்பிள்ளைகளுக்கு வருஷத்தில் ஒரு காட்சி சும்மா என்பதும் நின்றுவிடவில்லை. அன்று வந்த பிள்ளைகள் பிறகு தங்கள் தலைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து அவள் இடுப்பில் ஏற்றினார்கள்.

அந்த முதல் காட்சிக்கு மறுநாள், திங்கட்கிழமை, ஓடாவி சொன்னபடி வந்தான். அவனை மறிக்க யாருக்கும் நினைவு வரவில்லை. சுத்தியலும் குறடும் கொண்டுவந்து பலகைத் தடுப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முதலாளி, இதைக் கழட்டி எங்க போட?" என்று கேட்டான்.

அலியார் கனகமணியைப் பார்த்தார். அவள் தடுப்பைக் கடந்து ஆண்கள் பக்கத்துக்குப் போனாள். அங்கே சில வாங்குகளைத் தாண்டிப் போய் நின்று, கால் பெருவிரலால் நிலத்தில் ஒரு கோடு இழுத்தாள்.

"இதிலை நட்டுவிடு" என்றாள்.